தவணையில் ஒரு சிகரம்

மலையின் உயரத்தை அளக்கும் கோல் கடலில் நிற்கிறது. நம் நாட்டின் எந்தக் குன்றின் பெயர்ப்பலகையிலும் காணப்படுகிற 'சமுத்திர மட்டத்துக்கு மேல் இத்தனை மீட்டர்' என்னும் வாசகத்துக்கு ஆதாரமாயிருப்பது, அன்றைய இந்தியக் கரையோரத்தில் கடல்நீரின் ஏற்ற இறக்கங்களை ஆண்டுக்கணக்கில் குறித்துவந்த ஒன்பது நிலையங்களின் சராசரி நீர்மட்டமேயாகும். 1909-ஆம் ஆண்டில் நில அளவைத் துறையார் வகுத்து முடித்த அந்த மட்டக் கணக்கில், நாகப்பட்டினம், கொச்சி, விசாகப்பட்டினம் முதலியவற்றோடு சென்னைத் துறைமுகமும் இடம்பெற்றது. ஆகவே இராயபுரத்திலும் காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் குடியிருப்பவர்கள், தாம் அறியாமலே, சிகரங்களுக்கெல்லாம் பூஜ்யமாக விளங்கும் இடத்தில் வாழ்ந்துவருகிறார்கள் என்று சொன்னால் அது மிகையாகாது.

அந்தப் பூஜ்யத்தில் பிறந்து வளர்ந்து, மேடு என்றால் மேம்பாலம் ஒன்றையே அறிந்த இளைஞர் ஒருவர், கியர் வைத்த மலைச் சைக்கிள் ஒன்றைச் சம்பாதித்துக்கொண்டு, நீலகிரியின் உச்சியாகிய தொட்டபெட்டாவுக்கு மிதித்தே ஏறிவிடுவது என்று சங்கற்பம் செய்துகொள்வாரானால், அவர் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டிய கருவி காகிதமும் பென்சிலும்தான். தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர். ஏற்றம் தொடங்கும் மேட்டுப்பாளையம் ஏறத்தாழ 330 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆக, ஏறவேண்டியது 2,300 மீட்டர். இந்த எண் வெறும் எண்ணாக நின்றால் மனத்தில் பதியாது. துறைமுகச் சாலையில் நாள்தோறும் வரிசைகட்டி நிற்கும் டிரெய்லர் லாரிகளின் மேல் இருக்கும் கன்டெய்னர் பெட்டியின் உயரம் சுமார் 2.6 மீட்டர்; அத்தகைய பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக 890 வரையில் அடுக்கினால்தான் அந்த உயரம் கிட்டும். மேம்பாலக் கணக்கில் சொல்வதானால், எட்டு மீட்டர் உயரமுள்ள ஒரு பாலத்தின்மேல் ஏறத்தாழ 290 முறை ஏறவேண்டும்; அதையும் ஒரே நாளில், ஒரே மூச்சில்.

இப்படிச் சொன்னவுடன், இது பயில்வான்களுக்கும் பந்தயக்காரர்களுக்குமே உரிய காரியம் என்று தோன்றுவது இயற்கை. அந்த எண்ணம் எவ்வளவு தூரம் உண்மை என்பதைப் பரிசீலிக்குமுன், நான் கண்ட ஒரு காட்சியைச் சொல்லிவிடுகிறேன். ஒருநாள் விடியற்காலையில், காசிமேட்டிலிருந்து ஐஸ் போட்ட மீன்கூடைகளுடன் புறப்பட்ட மீன்பாடி வண்டி ஒன்று மேம்பாலத்தின் அடியை வந்தடைந்தது. மோட்டார் பொருத்தாத பழைய வண்டி; மிதித்தவருக்கு ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். ஏற்றம் தொடங்கும் இடத்தில் அவர் ஒரு தடவை திரும்பிப் பார்த்து, லாரி எதுவும் வரவில்லையென்று தெரிந்துகொண்டு, ஹேண்டில்பாரை இடப்பக்கம் ஒடித்தார். சாலையின் ஓரம் வரையில் போய் வலப்பக்கம் ஒடித்தார். மீண்டும் இடம், மீண்டும் வலம். மணலில் பாம்பு ஊர்ந்த தடம்போல் வண்டி நெளிந்து நெளிந்து மேலேறியது. முக்கால் தூரத்தில் இறங்கித் தள்ளவும் செய்தார். அதில் அவருக்குக் கிஞ்சித்தும் வெட்கமில்லை. பாலத்தின் உச்சியில் மூச்சு வாங்க நின்றவரிடம் பேச்சுக் கொடுத்தபோது, "நேரா ஏத்துனா நெஞ்சப் புடிச்சிக்கும் சார், வளைச்சிக்கினே போனா தானா ஏறிக்கும்" என்றார்.

மலையேற்றத்தைப் பற்றிப் பௌதிக சாஸ்திரம் சொல்வதன் சாரம் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது. ஒரு பொருளை உயர்த்துவதற்கு ஆகும் வேலை, அதன் எடையையும் ஏறும் உயரத்தையும் பொறுத்ததேயன்றி, எந்த வழியாக எவ்வளவு நேரத்தில் ஏறினோம் என்பதைப் பொறுத்ததன்று. மனிதர் 65 கிலோ, சைக்கிள் 13 கிலோ, தண்ணீரும் சாமான்களும் 2 கிலோ என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 80 கிலோ. அதனை 2,300 மீட்டர் உயர்த்துவதற்கு வேண்டிய சக்தி ஏறத்தாழ 18 லட்சம் ஜூல். பயங்கரமான தொகையாகத் தோன்றும் இது, மின்வாரியத்தின் கணக்கில் சரியாக அரை யூனிட். வீட்டு மீட்டரில் சில ரூபாய்க்கு ஓடிவிடுகிற அந்த அரை யூனிட்டைத் தொடையின் தசையும் முழங்காலும் கொடுத்துத் தீர்க்கவேண்டும் என்பதுதான் மலைச் சைக்கிள் பிரயாணத்தின் முழுப் பிரச்சினையும்.

மலையானது இந்தக் கடனில் ஒரு ஜூலைக்கூடத் தள்ளுபடி செய்வதில்லை. ஆனால் தவணையை நம் இஷ்டத்துக்கு விட்டுவிடுகிறது. வடசென்னையின் மார்க்கெட்டுகளில் 'தண்டல்' என்றொரு வழக்கம் உண்டு. காலையில் கைம்முதல் வாங்கிக் கூடை போட்டு விற்பவர், அதனை மொத்தமாகத் திருப்பிக் கொடுக்க இயலாதவராகையால், நாளுக்கு இவ்வளவு என்று சிறு தொகையாகக் கட்டி அடைப்பார். மீன்பாடி வண்டிக்காரர் சாலையைக் குறுக்கும் நெடுக்குமாக அளந்தது அந்தத் தண்டல்தான். நேராகப் போனால் பத்து மீட்டரில் கட்டவேண்டிய உயரத்தை, வளைந்து போய் இருபது மீட்டரில் கட்டினார். ஒவ்வொரு மிதிக்கும் விழும் சுமை பாதியாயிற்று. தண்டலுக்கு வட்டி இருப்பதுபோல் இதற்கும் வட்டி உண்டு: பாதை நீள நீள, டயர் சாலையில் உருள்வதால் நேரும் விரயமும் கூடிக்கொண்டே போகும். நமது கணக்கில், 80 கிலோ சுமையோடு கரடுமுரடான மலை டயர்கள் தார்ச்சாலையில் உருள்வதற்கு, 800 கிராம் எடையைத் தூக்கிப் பிடிப்பதற்குச் சமமான இழுவை இடைவிடாது தேவைப்படுகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து தொட்டபெட்டாவுக்குச் சாலை ஏறத்தாழ 60 கிலோமீட்டர். அந்தத் தூரம் முழுவதுக்குமாகச் சேரும் வட்டி, அசலில் கால் பங்கு என்று சொல்லலாம். ஆயினும் ஒரேயடியாகக் கட்ட முடியாதவனுக்கு அந்த வட்டி ஒரு பொருட்டன்று.

மீன்பாடி வண்டிக்காரர் பாலத்தின்மேல் தாமாகப் போட்டுக்கொண்ட நெளிவையே, மலைச்சாலை அமைத்த பொறியாளர்கள் கல்லிலும் தாரிலும் நிரந்தரமாகப் போட்டுவைத்திருக்கிறார்கள். நாம் அதற்குக் கொண்டையூசி வளைவு என்று பெயர் வைத்திருக்கிறோம். மேட்டுப்பாளையம்–குன்னூர் சாலையில் அத்தகைய வளைவுகள் 14. கொல்லிமலைக்கு ஏறும் சாலையிலோ 70. வளைவின் எண்ணிக்கையைக் கண்டு அஞ்சுவோர் உண்டு. உண்மையில் வளைவுகள் ஏறுகிறவனுக்குச் செய்யப்பட்ட சகாயங்கள். மலை ஏறும் வித்தையை இரயில்வேயோ நெடுங்காலம் பாடுபட்டுக் கற்றது. தென்னிந்தியாவின் முதல் பிரயாணி இரயில் 1856-ஆம் ஆண்டில் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. இரயில் குன்னூரை எட்டியது 1899-இலும், உதகையை எட்டியது 1908-இலும். சமவெளியில் காதம் காதமாகப் பாய்ந்த நீராவி எஞ்சினை மலை தடுத்து நிறுத்தியதற்குக் காரணம், இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின்மேல் வழுக்குவதே. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே பாதை 12-க்கு 1 என்னும் அளவில் ஏறுகிறது. அஃதாவது, 12 மீட்டர் போனால் ஒரு மீட்டர் உயரம். அங்கே தண்டவாளங்களுக்கு நடுவில் பற்சட்டம் ஒன்றைப் பதித்து, எஞ்சினின் பற்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறும்படி செய்த பிறகே காரியம் கைகூடிற்று. சைக்கிளின் இரப்பர் டயரோ தாரை இறுகப் பற்றும் தன்மையுடையதாகையால், அதே சரிவில் பற்சட்டமின்றியே ஏறிவிடுகிறது. அதற்குப் பற்கள் வேண்டிய இடம் வேறு.

அந்த இடம் செயின் ஓடும் சக்கரங்கள். நன்கு பழகிய, ஆனால் பந்தயக்காரரல்லாத ஒருவர் மணிக்கணக்கில் இடைவிடாது கொடுக்கக்கூடிய சக்தி 150 வாட் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு எட்டு என்னும் சரிவில் அந்த 150 வாட், நமது 80 கிலோவை மணிக்கு ஏழரைக் கிலோமீட்டர் வேகத்தில்தான் நகர்த்தும். முன்னே 44 பற்களும் பின்னே 18 பற்களும் உள்ள நமது சாதாரண சைக்கிளில், பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் போய்விடும். ஆகவே ஏழரைக் கிலோமீட்டர் வேகத்தில் பெடல் நிமிஷத்துக்கு 23 சுற்றுக்கள் மட்டுமே சுழலும். அவ்வளவு மந்தமான சுழற்சியில் 150 வாட் பிறக்கவேண்டுமானால், பெடலின்மேல் சராசரியாக 37 கிலோ எடையின் அழுத்தம் விழுந்துகொண்டே இருக்கவேண்டும். கால் மேலும் கீழும் வரும் நிலைகளில் அழுத்தம் குன்றுவதால், நடுவிலே அது உடலின் முழு எடையையும் தொட்டுவிடும். அப்படி மிதிப்பவர் பத்து நிமிஷத்தில் இறங்கிவிடுவார். முன்னே 32 பற்களும் பின்னே 50 பற்களும் அமைந்த மலைச் சைக்கிளில், ஒரு சுற்றுக்கு வண்டி ஒன்றரை மீட்டரே நகர்கிறது. கால்கள் நிமிஷத்துக்கு 86 முறை சுழல்கின்றன. பெடலின்மேல் விழும் சராசரி அழுத்தமோ பத்துக் கிலோவாகக் குறைந்துவிடுகிறது. வாட் ஒன்றே, வேகமும் ஒன்றே, பத்துக் கிலோவைத் தூக்கிப் பல நடை நடப்பதற்கும், மூட்டையை ஒரே தோளில் ஏற்றுவதற்கும் உள்ள வித்தியாசமே இங்கும். கியர் என்பது சக்தியை உண்டாக்கும் யந்திரமன்று. தவணையைச் சிறிதாக்கும் கணக்குப்பிள்ளை.

இனி, கடனைக் கட்டுவதற்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கவேண்டும். அத்திப்பட்டில் இருக்கும் வடசென்னை அனல்மின் நிலையத்தில் எரியும் நிலக்கரியின் உஷ்ணத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே மின்சாரமாகிறது. எஞ்சியதில் பெரும்பகுதி குளிர்விக்கும் நீரோடு எண்ணூர்க் கழிமுகத்தை நாடிப் போகிறது. மனிதனின் தசை அதைவிடச் சற்றுக் குறைந்த யந்திரம். உணவின் சக்தியில் ஏறத்தாழ நாலிலொரு பங்கே பெடலை அடைகிறது. உயரத்துக்கான அசலும் உராய்வுக்கான வட்டியும் சேர்ந்து ஆகும் வேலைக்கு, உடல் செலவிடவேண்டிய உணவுச்சக்தி ஏறத்தாழ 2,200 கிலோகலோரி. நடுத்தர இட்லி ஒன்றில் சுமார் 50 கிலோகலோரி இருப்பதால், கணக்குப்படி ஏறத்தாழ நாற்பத்தைந்து இட்லிகள் வேண்டும். காலையில் ஓட்டலில் உட்கார்ந்து அவற்றைத் தீர்த்துவிட்டுப் புறப்படலாமே என்று யாரும் எண்ணவேண்டாம். குடலுக்கும் ஒரு தவணைச் சட்டம் உண்டு. உழைக்கும் உடலில், மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து அளவே சௌகரியமாக இரத்தத்தில் சேரும். அதற்குமேல் போட்டது வயிற்றில் கனத்துக் கிடக்கும். தசைகளிலும் கல்லீரலிலும் முன்கூட்டியே சேமித்துவைத்த சர்க்கரைச் சேமிப்பு நானூறு, ஐந்நூறு கிராம் வரையில் இருக்கக்கூடும். அது முந்திய இரண்டு நாட்களின் சோற்றிலிருந்து வருவது. ஆகவே முதல்நாள் இரவு நிறைய உண்பதும், மலையில் அரைமணிக்கு ஒருமுறை ஒரு வாழைப்பழமோ இரண்டு கடலைமிட்டாயோ பசி எடுக்குமுன்பே வாயில் போட்டுக்கொள்வதும் நியமமாகும். பசித்த பிறகு தின்பவன், சேமிப்புத் தீர்ந்து, கண் இருண்டு, சாலையோரத்துக் கல்லின்மேல் உட்கார்ந்திருப்பான்.

பெடலை அடையாத முக்கால் பங்கு சக்தி என்னவாகிறது? உஷ்ணமாகிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி உஷ்ணத்தைக் கொண்டுபோய்விடும். இந்தப் பிரயாணத்தின் உஷ்ணத்தை வெளியேற்ற, கணக்குப்படி மூன்று லிட்டர் வியர்வை ஆவியானால் போதும். 'ஆவியானால்' என்பதே இங்கு முக்கியம். எண்ணூரின் ஈரக் காற்றில் வியர்வை ஆவியாகாமல் முகவாயிலிருந்து சொட்டுகிறது. சொட்டிய துளி உடலைக் குளிர்விப்பதில்லை, உப்பையும் நீரையும் மட்டும் பறித்துக்கொண்டு போகிறது. கடற்கரையில் ஒருமணி நேரம் மிதித்துத் தளர்ந்துபோகிறவர், 'இங்கேயே இப்படியென்றால் மலையில் என்ன ஆவோமோ' என்று கலங்கவேண்டியதில்லை. அவரைத் தளரச் செய்தது பெரும்பாலும் காற்றின் ஈரமே. உயரம் ஆயிரம் மீட்டர் கூடும்தோறும் உஷ்ணநிலை ஆறு டிகிரிக்குமேல் குறையுமாதலால், தொட்டபெட்டாவின் உச்சி மேட்டுப்பாளையத்தைவிட ஏறத்தாழ 15 டிகிரி குளிர்ந்திருக்கும்.

குளிர்ந்த காற்று ஒரு கையால் கொடுப்பதை, மெலிந்த காற்று மறுகையால் வாங்கிக்கொள்கிறது. காற்றில் பிராணவாயுவின் விகிதம் எங்கும் ஒன்றே, நூற்றுக்கு 21. ஆனால் 2,637 மீட்டர் உயரத்தில் வாயுமண்டலத்தின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறத்தாழ முக்கால் பங்காகிவிடுவதால், ஒவ்வொரு மூச்சிலும் கிட்டும் பிராணவாயுவும் அந்த அளவுக்குக் குறைகிறது. அங்கே தண்ணீர் 91 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. உதகையில் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நேரமாகும் என்று சமையற்காரர்கள் சொல்வது இதனால்தான். கடற்கரைவாசியின் உடல், அதிக மூச்சு வாங்கியும் இதயத்தை விரைவாக அடிக்கச் செய்தும் இந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்யுமாயினும், அவனது உச்ச வலிமையில் பத்திலொரு பங்குக்கு மேலாகவே குறைந்துவிடும். ஆகையால் அடிவாரத்தில் 150 வாட் கொடுத்தவர், கடைசி மைல்களில் 130-க்கு ஒப்புக்கொள்ளவேண்டும். அளந்துபார்க்கக் கருவி இல்லாதவர்க்கு ஒரு சுலபமான சோதனை உண்டு: மிதித்துக்கொண்டே ஒரு முழு வாக்கியத்தைத் தடையின்றிப் பேச முடிகிற வேகமே நாள்முழுதும் தாங்கும் வேகம், மூன்று சொற்களுக்கொரு தடவை மூச்சுத் திணறினால், சேமிப்பை வாரி இறைத்துக்கொண்டிருக்கிறோம் என்று பொருள்.

மேடே இல்லாத ஊரில் மலைக்குப் பழகுவது எப்படி என்னும் கேள்வி நியாயமானது. இதற்கு நமது ஊர் காற்றைத் தந்திருக்கிறது. சமவெளியில் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவரை எதிர்க்கும் காற்றின் இழுவை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடைக்குச் சமம். மலையில் ஏழரைக் கிலோமீட்டர் வேகத்தில் ஊர்கிறவருக்கோ அது 140 கிராம்கூட இராது. அஃதாவது சமவெளியில் காற்று சத்துரு. மலையில் எடை சத்துரு. எனினும் மிதிக்கும் காலுக்கு எந்தச் சத்துரு என்று தெரியாது. எதிர்க்காற்று மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் வீசும்போது, அதை எதிர்த்து 15 கிலோமீட்டர் வேகத்தில் மிதிப்பவருக்கு, நூற்றுக்கு மூன்றரை என்னும் சரிவில் ஏறுவதற்குச் சமமான இழுவை நேர்கிறது. மார்கழியின் வாடையில் திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் நோக்கியும், கோடையின் தென்காற்றில் எண்ணூரிலிருந்து இராயபுரம் நோக்கியும் மிதித்தால், கண்ணுக்குப் புலப்படாத ஒரு மலை நமக்காக அங்கே எழுந்து நிற்கும். டிரெய்லர் லாரிகளின் நெரிசல் அடங்கியிருக்கும் ஞாயிற்றுக்கிழமை விடியலே அதற்கு ஏற்ற வேளை. மேம்பாலத்தையும் அலட்சியம் செய்யவேண்டாம்: முப்பது முறை ஏறி இறங்கினால் 240 மீட்டர், தொட்டபெட்டாவில் பத்திலொரு பங்கு. மூன்று மாதங்களில் வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டு, நாலு மணி நேரம் ஆசனத்தில் உட்கார்ந்திருக்க இடுப்பும் முதுகும் இசைந்துவிட்டால், பாதி மலை ஏறியாயிற்று.

எடையே சத்துரு என்றதும், பத்தாயிரங்களைச் செலவிட்டு இலேசான சைக்கிள் வாங்கலாமா என்று மனம் ஓடும். கணக்கு அந்த ஓட்டத்தைத் தடுத்து நிறுத்துகிறது: ஒரு கிலோ குறைந்தால் 80-இல் ஒன்று குறைகிறது; உயரத்துக்கென்று ஆகும் மூன்று மணி இருபது நிமிஷத்தில் இரண்டரை நிமிஷம் மிச்சம். அந்த ஒரு கிலோ பம்பும் பஞ்சர் சாமான்களும் மாற்று டியூபும் மழைக்கோட்டுமாக இருக்குமானால், அதைக் கழற்றி எறிகிறவரைப் புத்திசாலி என்று சொல்லமாட்டோம்.

இனி, நாள் குறிக்கலாம். சென்ட்ரலிலிருந்து இரவில் புறப்படும் நீலகிரி எக்ஸ்பிரஸ் விடியற்காலையில் மேட்டுப்பாளையத்தில் கொண்டுபோய் விடுகிறது. சைக்கிளைப் பார்சலில் பதிவு செய்து சரக்குப் பெட்டியில் ஏற்றிக்கொள்ளலாம். அசலும் வட்டியும் சேர்த்து 150 வாட் கணக்கில் ஏறத்தாழ நாலேகால் மணி நேரம் மிதிக்கவேண்டும். இளைப்பாறலும் உணவும் சேர்ந்தால் ஆறு மணி நேரம். மலை இரயிலும் உதகைக்கான 46 கிலோமீட்டரை ஏறுவதற்கு ஏறத்தாழ ஐந்து மணி எடுத்துக்கொள்வதை நினைத்தால், இதில் குறைபட்டுக்கொள்ள ஒன்றுமில்லை. கல்லாறு யானைகள் வலசை போகும் வழியாகையால், நன்றாக வெளுத்த பிறகே அடிவாரத்தைத் தாண்டவேண்டும்; பிற்பகலில் மஞ்சு இறங்கிவிடுமாகையால், நடுப்பகல் சாய்வதற்குள் உச்சியை அடைந்துவிடவேண்டும். இவ்விரண்டு எல்லைகளுக்கும் நடுவில் அகப்படும் ஏழெட்டு மணி நேரமே நமக்கு மலை அளக்கும் அவகாசம். வடகிழக்குப் பருவமழையில் இந்தச் சாலைகளில் மண் சரிவதுண்டு. கோடை சீசனிலோ கார்களின் கூட்டம். ஜனவரி கழிந்து பங்குனி வெயில் ஏறுமுன் உள்ள வாரங்களே உத்தமம். மலைச் சைக்கிள் என்னும் பெயரைக் கண்டு சோலைக்காட்டின் ஒற்றையடிப் பாதைகளில் புகுந்துவிடலாம் என்று கருதுவது தவறு, அவை வனத்துறையின் காவலில் உள்ளவை, அனுமதியின்றிச் செல்வதற்கில்லை. சிகரத்துக்குப் போகும் கடைசிச் சாலையும் அவர்கள் பொறுப்பில் இருப்பதால், திறந்திருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.

ஏறுவதற்கே இவ்வளவு யோசிக்கிறவர்கள் இறங்குவதைப் பற்றி யோசிப்பதில்லை. விபத்துக்கள் நேர்வது அங்கேதான். ஆறு மணி நேரமாகச் சிறுகச் சிறுகக் கட்டிய 18 லட்சம் ஜூலையும் மலை ஒரேயடியாகத் திருப்பிக் கொடுக்க முன்வருகிறது. நூற்றுக்கு எட்டுச் சரிவில் 25 கிலோமீட்டர் வேகத்தில் நிதானமாக இறங்குவதானாலும், காற்றும் டயரும் தின்றதுபோக 280 வாட் பிரேக்கில் உஷ்ணமாக இறங்கிக்கொண்டிருக்கும். சலவைப்பெட்டி ஒன்றின் சூட்டில் கால் பங்குக்கு மேல். மலைச் சைக்கிள் விளையாட்டின் பூர்வகதையே இந்தச் சூட்டோடு பின்னியிருக்கிறது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் தமல்பாயிஸ் மலையையொட்டி வாழ்ந்த இளைஞர்கள், பின்புறமாக மிதித்தால் பிடிக்கும் பிரேக் உள்ள பழைய கனத்த சைக்கிள்களைக் கொண்டு, 1976-ஆம் ஆண்டிலிருந்து ஒரு செங்குத்தான மண்சாலையில் இறங்கு பந்தயம் நடத்தினார்கள். அடிவாரத்தை அடைவதற்குள் பிரேக் கொதித்து, உள்ளேயிருந்த கிரீஸ் புகைந்து போய்விடுமாகையால், ஒவ்வொரு தடவையும் புதிய கிரீஸை அடைத்தாகவேண்டும். மறுபடி அடைத்தல் என்னும் பொருளில் அந்தச் சாலைக்கே 'ரீபேக்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. அந்த விளையாட்டு வளர்ந்து 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக் பந்தயங்களில் இடம்பெற்றது. இன்றைய டிஸ்க் பிரேக் அந்த உஷ்ணத்தை டயரை விட்டு விலகிய ஒரு தகட்டில் வாங்கிக் காற்றில் விடுகிறது. ரிம்மைப் பிடிக்கும் பழைய பிரேக்கிலோ, ரிம் காய்ந்து டியூப் வெடிக்கவும் கூடும். எந்தப் பிரேக்கானாலும் இடைவிடாது பிடித்துக்கொண்டே இறங்காமல், வளைவுக்கு முன் அழுத்தமாகப் பிடித்து, பிறகு விட்டு, அது ஆற இடம்கொடுப்பதே முறை. இறக்கத்திலும் தவணை தப்பலாகாது. 20 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவர், கண்டு தெளிந்து நிற்பதற்குச் சுமார் 10 மீட்டர் போதும். வேகம் இரட்டித்து 40 ஆனால், வேண்டிய தூரம் மும்மடங்காகி 30 மீட்டராகிறது. கொண்டையூசி வளைவுகளில் 30 மீட்டருக்கு அப்பால் என்ன வருகிறது என்பது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. வியர்வையில் நனைந்த சட்டையோடு இறங்குகிறவருக்குக் குளிர்காற்று நெஞ்சில் அறையும். பழைய சைக்கிள்காரர்கள் செய்வதுபோல் தினத்தாள் ஒன்றை மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொள்வது, விலையுயர்ந்த அங்கி செய்யும் வேலையை ஓரளவு செய்துவிடும்.

முடிவாக ஒரு சிறு பரிசோதனை, செலவில்லாதது. நீலகிரியில் ஒருமுறை குடித்து எறியும் பிளாஸ்டிக் குப்பிகளுக்குத் தடை இருப்பதால், சைக்கிளின் சட்டத்தில் மாட்டும் மென்மையான தண்ணீர்க்குப்பியைக் கையோடு கொண்டுபோயிருப்போம். தொட்டபெட்டாவின் உச்சியில் கடைசி வாய்த் தண்ணீரைக் குடித்து, காலிக் குப்பியை இறுக மூடி அதன் இடத்தில் செருகிவிட்டு மறந்துவிடவேண்டும். மறுநாள் காலையில் இராயபுரத்து வீட்டுத் திண்ணையில் அதனை எடுத்துப் பார்த்தால், குப்பி யாரோ கையால் பிடித்து நெரித்ததுபோல் விலா ஒடுங்கிப்போயிருக்கும். துறைமுகத்துக் கனத்த காற்று நெரித்த நெரிப்பு அது. மூடியைத் திருகினால் 'புஸ்' என்ற மெல்லிய ஓசையோடு கடற்காற்று உள்ளே புகுந்து, குப்பி மறுபடி நிமிர்ந்துகொள்ளும். அப்போது அதில் ஏறக்குறைய முக்கால் பங்கு சிகரத்தின் காற்றும், கால் பங்கு காசிமேட்டின் காற்றும் கலந்திருக்கும்.